கால்பந்து ரசிகருக்குக் கோர்ட் போடும் தடை: இங்கிலாந்தில் அது எப்படி நடக்கிறது?

2019 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. பர்மிங்ஹாம் நகரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் பர்மிங்ஹாம் சிட்டிக்கும் ஆஸ்டன் வில்லாவுக்கும் ஆட்டம். ஒரே ஊரின் இரண்டு அணிகள். இரண்டுக்கும் ஜென்மப் பகை. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ஸ்டாண்டிலிருந்து ஓடிவந்த ஒருவர் வில்லா கேப்டன் ஜாக் கிரீலிஷைப் பின்னாலிருந்து வந்து முகத்தில் குத்தினார். கிரீலிஷ் விழுந்தார், எழுந்தார், இரண்டாம் பாதியில் அந்த ஆட்டத்தின் ஒரே கோலையும் அவரே அடித்தார். குத்தியவர் மறுநாளே மாஜிஸ்திரேட் முன்னால் நின்றார். 14 வாரம் சிறை. கூடவே 10 ஆண்டுகளுக்குக் கால்பந்து ஆட்டங்களுக்குப் போகக் கூடாது என்று ஓர் உத்தரவு. இது போதாதென்று பர்மிங்ஹாம் கிளப் தன் பங்குக்கு ஆயுள் தடையும் போட்டது.

ஆயுள் தடை என்று கேட்டதும் அதுதான் பெரியது என்று தோன்றும். உண்மையில் அந்த ஆளின் வாழ்க்கையை மாற்றியது கோர்ட் போட்ட 10 ஆண்டுத் தடைதான். ஏன் என்று புரிந்துகொண்டால் இந்த விஷயத்தில் பாதி புரிந்துவிடும்.

கிளப் போடும் தடை, வீட்டுக்காரர் ‘இனி என் வாசலை மிதிக்காதே’ என்று சொல்வதைப் போன்றது. மைதானம் கிளப்பின் சொத்து. யாருக்கு டிக்கெட் விற்பது, யாருடைய சீசன் டிக்கெட்டைப் பிடுங்குவது என்பது அவர்கள் விருப்பம். ஆனால் பர்மிங்ஹாம் தடை போட்டால் அது பர்மிங்ஹாம் மைதானத்தோடு முடிந்தது. அந்த ஆள் அடுத்த வாரம் ரயிலேறிப் போய் வேறு ஊரில் வேறு ஆட்டம் பார்க்கலாம். தடையை மீறி உள்ளே நுழைந்தாலும் வெளியே அனுப்புவார்கள், அவ்வளவுதான். மீறியதற்காகவே ஜெயில் என்று கிடையாது.

கோர்ட் உத்தரவு அப்படியில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும், சட்டம் பட்டியலிட்டிருக்கும் எந்த ஆட்டத்துக்கும் போக முடியாது. பிரீமியர் லீக் தொடங்கி, அதற்குக் கீழே உள்ள லீக்குகள், தேசிய அணி ஆடும் ஆட்டங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். மீறினால் அது தனிக் குற்றம். 6 மாதம் வரை சிறை உண்டு. இதற்குப் பெயர் கால்பந்துத் தடை உத்தரவு. 1989-ஆம் ஆண்டின் கால்பந்துப் பார்வையாளர்கள் சட்டம்தான் இதன் அடிப்படை. பின்னால் பலமுறை திருத்தி, இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

உத்தரவு இரண்டு வழியில் வரும்

முதல் வழி நேரடியானது. ஆட்டத்தோடு தொடர்புடைய ஒரு குற்றத்தைச் செய்து தண்டனை பெற்றால், தண்டனையோடு சேர்த்து இந்தத் தடையும் வரும். அடிதடி, பொருட்களை எறிவது, இனவெறிக் கோஷம், அனுமதியில்லாமல் களத்துக்குள் ஓடுவது, தீப்பந்தமோ புகைக்குண்டோ கொண்டுவருவது எல்லாம் இதில் சேரும். நேரடியாகச் சிறைக்கு அனுப்பப்பட்டவர் என்றால் தடை 6 முதல் 10 ஆண்டு. வேறு தண்டனை என்றால் 3 முதல் 5 ஆண்டு. கிரீலிஷைக் குத்தியவருக்கு 14 வாரச் சிறைக்குப் பத்தாண்டுத் தடை எப்படி வந்தது என்ற கேள்விக்கு இதுதான் பதில். சிறை எத்தனை வாரம் என்பது இங்கே கணக்கில்லை. சிறை என்றாலே குறைந்தது ஆறு ஆண்டு.

2022-க்குப் பிறகு இது இன்னும் இறுகிவிட்டது. தடை போடுவது நியாயமற்றது என்று சொல்லத்தக்க குறிப்பான காரணம் ஏதும் இல்லாவிட்டால், நீதிமன்றம் போட்டே ஆக வேண்டும்.

குற்றம் மைதானத்துக்குள்தான் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரத்துக்குள் ரயில் நிலையத்திலோ மதுக்கடையிலோ நடந்த சண்டையையும், அந்த ஆட்டத்தோடு தொடர்புடையதுதான் என்று நீதிமன்றம் கருதினால், இதில் சேர்க்கலாம். பெரிய மோதல்கள் பலவும் மைதானத்துக்கு வெளியேதான் நடக்கின்றன. உள்ளேதான் மூலைக்கு மூலை கேமரா இருக்கிறதே!

இரண்டாவது வழிதான் கொஞ்சம் வில்லங்கமானது. இதில் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெற்றிருக்கத் தேவையில்லை. காவல்துறை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிவில் முறையில் மனு போடும். இரண்டு விஷயத்தைக் காட்ட வேண்டும். ஒன்று, இந்த நபர் முன்பு எப்போதாவது, உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ, வன்முறையிலோ ஒழுங்கு குலைப்பதிலோ பங்கெடுத்திருக்கிறார். இரண்டு, இவரைத் தடுத்தால் ஆட்டங்களில் கலவரத்தைத் தவிர்க்க உதவும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது. இரண்டும் சரி என்று பட்டால் 3 முதல் 5 ஆண்டு தடை.

மனுவோடு ஒரு கோப்பு வரும். கேமராவிலிருந்து எடுத்த படங்கள், தேதி வாரியாகச் சம்பவங்கள், காவலர்களின் வாக்குமூலங்கள். இந்த வேலைக்கென்றே ஒவ்வொரு கிளப்புக்கும் காவலர்கள் உண்டு. ‘ஸ்பாட்டர்’ என்பார்கள். அணி எங்கே போனாலும் இவர்களும் போவார்கள். யார் யாரோடு ரயிலில் வந்தார், எந்த மதுக்கடையில் கூடினார்கள், சண்டை வெடித்தபோது யார் முன்னால் ஓடினார், யார் பின்னால் நின்றார் என்று பார்ப்பதே இவர்கள் பணி. பல ரசிகர்களை இவர்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். ரசிகர்களுக்கும் இவர்களைத் தெரியும். சிலசமயம் டீ குடித்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள்; அந்தப் பேச்சும் கோப்பில் ஏறலாம்.

குற்றம் நிரூபிக்காமல் ஒருவருடைய பயண உரிமையைப் பறிப்பது சரியா? இந்தக் கேள்வியோடு டெர்பிஷையர் காவல்துறைக்கு எதிராக ஒரு வழக்கு 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. சட்டம் செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் ஒரு கடிவாளமும் போட்டது. பெயருக்குத்தான் இது சிவில் வழக்கு, விளைவு கடுமையானது, ஆகவே கிரிமினல் வழக்குக்குக் கேட்கும் அளவை ஒட்டிய ஆதாரம் வேண்டும் என்றது. வாதம் சரிதான். ஆனாலும் மாஜிஸ்திரேட் முன்னால் தடித்த கோப்போடு ஒரு போலீஸ் வக்கீலும், எதிரில் வக்கீல் வைக்கக் காசில்லாத ஒரு இளைஞனும் நிற்கும்போது அந்தக் கடிவாளம் எவ்வளவு இழுக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தடை வந்தவரின் சனிக்கிழமை

உத்தரவு வந்த ஐந்து நாட்களுக்குள் காவல் நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். முகவரி மாறினால், பெயர் மாறினால், புது பாஸ்போர்ட் எடுத்தால் சொல்ல வேண்டும். மைதானத்துக்குப் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் ஆளைப் பொறுத்து நிபந்தனைகள் சேரும். தன் அணி ஆடும் நாளில் இந்த மணியிலிருந்து இந்த மணி வரை மைதானத்தைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்குள் வரக் கூடாது, நகர மையத்துக்குள் வரக் கூடாது, வெளியூர் ஆட்டத்தன்று அந்த ஊருக்குப் போகும் ரயிலில் ஏறக் கூடாது. வீடே மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தால், கடைக்குப் போவதற்குக்கூட ஆட்ட அட்டவணையைப் பார்க்க வேண்டிய நிலை.

பாஸ்போர்ட் விஷயம்தான் இதில் எல்லாவற்றையும்விடக் கடுமையானது. தேசிய அணி வெளிநாட்டில் ஆடும்போது, அல்லது உலகக் கோப்பை, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ போன்ற போட்டி வரும்போது, கட்டுப்பாட்டுக் காலம் என்று ஒன்றை அறிவிப்பார்கள். அது தனி ஆட்டம் என்றால் ஐந்து நாள், பெரிய போட்டி என்றால் பத்து நாள் முன்னால் தொடங்கும். அதற்குள் பாஸ்போர்ட்டைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். போட்டி முடிந்தபின் திரும்பக் கிடைக்கும். அந்த நேரத்தில் தங்கையின் கல்யாணம் ஸ்பெயினில் என்றால்? தனியாக விண்ணப்பித்து, காரணம் காட்டி, விலக்கு வாங்க வேண்டும். 2024-ல் ஜெர்மனியில் நடந்த யூரோ போட்டிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வீட்டில் உட்கார வைக்கப்பட்டார்கள்.

தடையே இல்லாதவர்களையும் கட்டுப்பாட்டுக் காலத்தில் விமான நிலையத்தில் நிறுத்தும் அதிகாரம் காவலர்களுக்கு உண்டு. சில மணி நேரம் பிடித்து வைத்து விசாரிக்கலாம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் வரச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். அங்கே வைத்தே தடை கேட்கலாம்.

மூன்றில் இரண்டு பங்கு காலம் கழிந்ததும் தடையை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. கேட்டால் கிடைத்துவிடும் என்று இல்லை. நடத்தை, பழைய சம்பவத்தின் தன்மை எல்லாம் பார்ப்பார்கள்.

இது ஏன் வந்தது

1985 மே மாதத்தை இங்கிலாந்துக் கால்பந்து மறக்காது. 11-ஆம் தேதி பிராட்ஃபோர்டில் மரத்தாலான ஸ்டாண்ட் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். 29-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் யுவென்டஸ் ரசிகர்கள் பக்கம் பாய்ந்தபோது சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள். இங்கிலாந்து கிளப்புகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து ஐந்து ஆண்டுகள் விலக்கப்பட்டன, லிவர்பூலுக்கு ஆறு.

பிராட்ஃபோர்டில் நடந்தது விபத்து, ஹெய்சலில் நடந்தது வன்முறை. ஆனால் அன்றைய அரசின் பார்வையில் இரண்டும் ஒரே நோய், ரசிகர்கள்தான் அந்த நோய். அதே ஆண்டு மார்ச்சில் லூட்டன் மைதானத்தில் மில்வால் ரசிகர்கள் நடத்திய கலவரத்துக்குப் பிறகு, லூட்டன் கிளப் வெளியூர் ரசிகர்களையே உள்ளே விடாமல், உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்களை மட்டும் அனுமதித்தது. அதற்காக 1986-87 லீக் கோப்பையிலிருந்து லூட்டனை வெளியேற்றினார்கள். ஆனால் பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. நாடு முழுக்க ஒவ்வொரு ரசிகருக்கும் அடையாள அட்டை. அட்டை இல்லாதவருக்கு மைதானம் இல்லை. 1989 சட்டத்தின் முதல் பகுதியே அதுதான்.

அந்தச் சட்டம் நிறைவேறிய ஆண்டின் ஏப்ரல் 15-ல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் சிக்கினார்கள். இறந்தவர்கள் 97 பேர். கடைசி நபர் அன்று பட்ட காயத்தின் விளைவால் 2021-ல் இறந்தார். அன்று நடந்ததற்கு ரசிகர்கள்மீது பழி போட்டார்கள். 2016-ல் விசாரணை ஜூரி, ரசிகர்கள் காரணமில்லை, இது சட்டவிரோதக் கொலை, காவல்துறை மேலாண்மையின் தவறு என்று சொல்லும் வரை குடும்பங்கள் 27 ஆண்டுகள் போராடின. கால்பந்து ரசிகர் என்றாலே குற்றவாளி என்று பார்த்ததன் விலை அது. தடை உத்தரவைப் பற்றிப் பேசும் எவரும் இதை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசக் கூடாது.

ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் தந்த அறிக்கை அடையாள அட்டைத் திட்டத்தை ஏற்கவில்லை. வாசலில் அட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தால் நெரிசல் இன்னும் மோசமாகும் என்று அவர் அஞ்சினார். அட்டைத் திட்டம் அத்தோடு செத்தது. சட்டத்தின் இன்னொரு பகுதி, அதாவது குற்றம் செய்தவரை மட்டும் தடுக்கும் பகுதி, பிழைத்தது. இன்றைய தடை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அதற்குப் பல் முளைத்தது 2000-ல். அந்த ஆண்டு யூரோ போட்டியில், பெல்ஜியத்தின் ஷார்லருவா, பிரஸ்ஸல்ஸ் நகரங்களில் இங்கிலாந்து ரசிகர்கள் நாற்காலிகளை வீசிக்கொண்டு சண்டை போட்டதை உலகமே டிவியில் பார்த்தது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லாதவர்கள். இன்னொரு முறை நடந்தால் இங்கிலாந்து அணியையே வீட்டுக்கு அனுப்புவோம் என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் மிரட்டியது. சில வாரங்களில் புதுச் சட்டம் வந்தது. உள்நாட்டுத் தடை, வெளிநாட்டுத் தடை என்று தனித்தனியாக இருந்தது ஒன்றாகியது, பாஸ்போர்ட்டைப் பிடுங்குவது வழக்கமாகியது, தண்டனை இல்லாமலே மனு போடும் வழியும் அப்போதுதான் விரிவானது. 2006-ல் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தபோது தடையில் இருந்தவர்கள் 3,000-க்கும் மேல். அந்த முறை இங்கிலாந்து ரசிகர்கள் குடித்தார்கள், பாடினார்கள், பெரிதாக எதுவும் உடையவில்லை. தடைதான் காரணமா, ஜெர்மன் போலீஸின் இதமான அணுகுமுறையா என்று இன்னும் வாதம் நடக்கிறது. இரண்டும்தான் என்பது என் எண்ணம். இப்போது எண்ணிக்கை குறைந்து, சமீப சீசன்களில் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் இருக்கிறது.

கைப்பேசிக்குள்ளும் இது நுழைந்துவிட்டது. 2021 ஜூலையில் யூரோ இறுதியாட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா மூவரும் கறுப்பின வீரர்கள். அன்றிரவே அவர்களுடைய சமூக வலைத்தளப் பக்கங்களில் இனவெறி கொட்டியது. அடுத்த ஆண்டு சட்டத்தைத் திருத்தி, இணையத்தில் வெறுப்பைக் கக்குவதற்கும் மைதானத் தடை போடலாம் என்றார்கள். பிரென்ட்ஃபோர்ட் வீரர் ஐவன் டோனிக்கு இன்ஸ்டாகிராமில் இனவெறிச் செய்தி அனுப்பியவருக்கு 2023 மார்ச்சில் 3 ஆண்டுத் தடை விழுந்தது.

சரி, மைதானத்தின் சூழல் என்ன ஆயிற்று?

இந்தத் தடைகளால்தான் மைதானங்கள் சத்தமிழந்துவிட்டன என்று பழைய ரசிகர்கள் சிலர் சொல்வார்கள். முன்பெல்லாம் கூரை அதிரும், இப்போது நூலகம் மாதிரி இருக்கிறது என்பது இங்கிலாந்தில் எல்லா ஊரிலும் கேட்கும் புலம்பல். எதிரணி ரசிகர்களே அதைப் பாட்டாகப் பாடி, உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரர்களைக் கேலி செய்வார்கள்.

சத்தத்துக்கு மதிப்பு இருக்கிறதா என்றால், கண்டிப்பாக இருக்கிறது. கொரோனாவால் பெரும்பாலும் காலி மைதானங்களில் நடந்த 2020-21 பிரீமியர் லீக் சீசனில், சொந்த ஊர் அணிகளைவிட வெளியூர் அணிகள் அதிக ஆட்டங்களை வென்றன: 153-க்கு 144. அதற்கு முன் அந்த லீக்கில் எந்தச் சீசனிலும் அப்படி நடந்ததில்லை.

இன்னொரு சாட்சி 2016 பிப்ரவரி 6-ல் லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் நடந்தது. புதிய ஸ்டாண்டில் அதிகபட்ச டிக்கெட் விலை 77 பவுண்ட் என்று அறிவித்திருந்தார்கள். சன்டர்லேண்டோடு ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னிலை. 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள். சண்டையில்லை, கூச்சலில்லை, எழுந்து போனார்கள். சிவப்பு இருக்கைகள் பட்டை பட்டையாகத் தெரிய ஆரம்பித்தன. மீதி நிமிடங்களில் சன்டர்லேண்ட் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது! சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, விலை உயர்வைத் திரும்பப் பெற்றார்கள்.

ஆகவே சத்தம் குறைந்ததற்குக் காரணம் தேடினால், டிக்கெட் கவுண்டரில் தொடங்குவதுதான் முறை. டெய்லர் அறிக்கைக்குப் பிறகு பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் பகுதிகளை எடுத்துவிட்டு இருக்கைகள் போட்டார்கள். லிவர்பூலின் ‘காப்’ ஸ்டாண்ட் 1994-ல் இருக்கை மயமானது. ஒரு காலத்தில் இருபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் நெருக்கியடித்து நின்ற இடம் இப்போது பன்னிரண்டாயிரம் சொச்சம் இருக்கை. டெய்லர், இருக்கை போட்டதைச் சாக்காக வைத்து விலையை ஏற்றக் கூடாது என்றுதான் நினைத்தார். ஏற்றினார்கள். பதினாறு வயதுப் பையன்கள் நண்பர்களோடு வாசலில் காசு கொடுத்து நுழைந்து கத்திய இடத்தில், இப்போது சீசன் டிக்கெட் வாங்க வசதியுள்ள நடுத்தர வயதுக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாதபோது யார் பாட்டைத் தொடங்குவது? மான்செஸ்டர் யுனைடெட் கேப்டன் ராய் கீன் 2000-ல், இறால் சாண்ட்விச் தின்றுகொண்டிருக்கும் கூட்டத்துக்குக் களத்தில் நடப்பதே புரிவதில்லை என்று பொரிந்து தள்ளியதில் இருந்து அந்த சாண்ட்விச் ஒரு வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது.

உண்மையான சத்தம் கேட்க வேண்டுமென்றால் வெளியூர் ரசிகர்கள் பகுதிக்குக் காது கொடுக்க வேண்டும். மூன்றாயிரம் பேர் இருப்பார்கள், உள்ளூர்க்காரர்கள் ஐம்பதாயிரம் பேரை அமுக்கிவிடுவார்கள். அத்தனை தூரம் வந்தவர்கள் உட்கார்ந்து பார்க்க வருவதில்லை. பிரீமியர் லீக்கில் அவர்களுக்கான டிக்கெட் விலைக்கு 2016-17 முதல் 30 பவுண்ட் உச்சவரம்பு இருக்கிறது. 2022 ஜனவரியில் சில மைதானங்களில் கம்பித் தடுப்போடு நின்று பார்க்கும் பகுதிகளைச் சோதனையாகத் திறந்தார்கள். அடுத்த சீசனிலிருந்து மற்ற கிளப்புகளுக்கும் அனுமதி கிடைத்தது. நிற்க விட்டால் கலவரம் வெடிக்கும் என்று முப்பது ஆண்டுகளாகச் சொன்னவர்கள் இப்போது அதிகம் பேசுவதில்லை.

தனி ஆளைத் தடுக்கும் சட்டம் கையில் இருந்ததால்தான் இந்தத் தளர்வுக்குத் துணிந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். அது இல்லாத இடத்தில் கூட்டத்தையே தண்டிப்பார்கள். அர்ஜென்டினாவில் 2013-ல் ஒரு ரசிகர் இறந்தபின், வெளியூர் ரசிகர்களே வரக் கூடாது என்று பல ஆண்டுகளுக்கு மூடிவிட்டார்கள். பிரான்சில் பதற்றமான ஆட்டம் என்றால் அரசு அதிகாரிகள் வெளியூர் ரசிகர்களின் பயணத்துக்கே தடை போடுவது அடிக்கடி நடக்கிறது. இங்கிலாந்தும் இதில் முழுச் சுத்தமில்லை. இங்கிலாந்து லீக்கில் ஆடும் வேல்ஸ் அணிகளான கார்டிஃப்–ஸ்வான்சி ஆட்டங்களுக்குப் பல ஆண்டுகள், கிளப் ஏற்பாடு செய்த பேருந்தில் வந்தால் மட்டுமே வெளியூர் ரசிகருக்கு நுழைவு. மைதானத்துக்கு அடுத்த தெருவில் வேலை செய்பவராக இருந்தாலும் சொந்த ஊருக்குப் போய் அந்தப் பேருந்தில்தான் வர வேண்டும்.

எல்லையில் நிற்கும் வழக்குகள்தான் சிக்கல். 2023 ஜூனில் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்துக்கு ஒருவர் ‘97’ என்ற எண்ணும், அது போதாது என்ற பொருளில் வாசகமும் பதித்த சட்டையோடு வந்தார். ஹில்ஸ்பரோவில் இறந்தவர்களைக் கேலி செய்யும் சட்டை. அவருக்கு 1,000 பவுண்ட் அபராதமும் 4 ஆண்டுத் தடையும். அவர் யாரையும் தொடவில்லை. ஆனால் அந்தச் சட்டைக்காகக் கண்ணீர் விட எனக்கு முடியவில்லை. இனவெறிப் பாட்டுக்கும், தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் கோஷத்துக்கும் அப்படியே.

அதே தராசில் புகைக்குண்டு கொளுத்திய பதினெட்டு வயதுப் பையனையும் நிறுத்தினால்தான் மனம் ஒப்பவில்லை. ஆபத்து இல்லை என்று சொல்ல வரவில்லை. கையைச் சுட்டுவிடும், கண்ணைப் பறித்துவிடும். ஆனால் அந்தப் படத்தைத்தான் டிவி நிறுவனங்கள் விளம்பரத்தில் போட்டு ‘என்ன ஒரு சூழல்!’ என்று விற்கின்றன. களத்துக்குள் ஓடுவதும் இப்படித்தான். கோப்பை வென்ற நாளில் ஆயிரம் பேர் ஓடினால் கொண்டாட்டம். சாதாரண நாளில் ஒருவர் ஓடினால் குற்றவாளி. சட்டப்படி இரண்டும் ஒன்றே. 2022 கோடையிலிருந்து கிளப்புகளும் புகைக்குண்டுக்கும் களத்துக்குள் ஓடுவதற்கும் குறைந்தது ஓராண்டு தடை என்று தாங்களாகவே முடிவு செய்திருக்கின்றன.

மற்ற ஊர்களில்

இத்தாலியிலும் 1989-லேயே இப்படி ஒரு சட்டம் வந்தது. அங்கே ‘டாஸ்போ’ என்பார்கள். நீதிமன்றம் இல்லாமல் மாவட்டக் காவல் தலைவரே தடை போடலாம். ஆட்ட நேரத்தில் காவல் நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தால் மட்டும் நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். இத்தாலிய ஸ்டாண்டுகளில் ‘தடைபட்டவர்கள் என்றும் எங்களோடு’ என்ற பொருளில் தொங்கும் பதாகைகள் இவர்களுக்காகத்தான். இங்கிலாந்தில் தடை என்பது வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம். அங்கே அது ஒருவகைப் பதக்கம்.

ஜெர்மனியில் தடை போடுவது கிளப்பும் கால்பந்துச் சங்கமும்தான். ஆனால் ஒரு கிளப் போட்டால் நாடு முழுக்கச் செல்லும். 2006-ல் டூயிஸ்பர்க் ஆட்டத்துக்குப் பின் நடந்த கைகலப்பின்போது அந்தக் கூட்டத்தில் இருந்ததற்காகப் பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்குத் தடை வந்தது. அவன்மீதான குற்றவியல் விசாரணை கைவிடப்பட்டது, தடை நீங்கவில்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் 2018-ல் முடிந்தது. தடை செல்லும் என்றது தீர்ப்பு. ஆனால் இவ்வளவு பேர் கூடும் இடத்தை நடத்தும் கிளப், தன் சொத்து என்பதற்காக நினைத்தபடி ஒருவரை வெளியே நிறுத்த முடியாது, காரணம் வேண்டும், அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. கிளப் தடை வெறும் வீட்டு வாசல் விவகாரம் என்று மேலே நான் எழுதியது ஜெர்மனிக்குப் பொருந்தாது.

முதல்முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, டிவியில் பார்த்த அணியை நேரில் பார்க்கக் கிளம்பும் நம்மவர்கள் ஏராளம். அவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடியது பெரும்பாலும் பியர் விஷயம்தான். ஸ்டாண்டுக்கு அடியில் உள்ள கடையில் பியர் விற்பார்கள். அங்கேயே நின்று குடிக்கலாம். கோப்பையோடு படியேறி, களம் கண்ணில் படும் இடத்துக்கு வந்தால் குற்றம். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை செல்லும். பெரும்பாலும் வாசலில் நிற்கும் ஊழியர் திருப்பி அனுப்பிவிடுவார். வம்பு பண்ணி வழக்கானால், தடைக்கு வழிவகுக்கும் குற்றங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஆட்டத்துக்குப் போகும் வாடகைப் பேருந்தில் குடிப்பதும் அப்படியே. கிரிக்கெட்டுக்கும் ரக்பிக்கும் இந்தச் சட்டம் கிடையாது. அதே வெம்ப்ளியில் அமெரிக்கக் கால்பந்து நடக்கும் நாளில் பியரோடு இருக்கையில் உட்காரலாம். கால்பந்து ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளாக இதைச் சொல்லிப் பொருமிக்கொண்டிருக்கிறார்கள்.